‘அட்ராசிட்டி’: மனுவில் ஒரு பொருள், தெருவில் ஒரு பொருள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

தட்டச்சு_பாரிமுனை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாரிமுனையில், ஐகோர்ட்டுக்கு எதிர்ச்சந்து ஒன்றில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாக மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று தட்டிக்கொண்டிருக்கிறேன். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் எந்தச் சொல்லைப் போட்டால் காகிதம் நகரும், எதைப் போட்டால் மேஜையிலேயே கிடக்கும் என்பது விரலுக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் மகனோடு வந்தார். செங்கல்பட்டு பக்கம் ஒரு கிராமம். கோடு போட்ட நோட்டுத் தாளில், நீலப் பேனாவில், நான்கு பக்கம் எழுதியிருந்தார். மடித்து மடித்து வைத்ததில் மடிப்பு ஓரம் நைந்து, அங்கே இருந்த எழுத்தெல்லாம் விட்டுப்போயிருந்தது. விஷயம் இதுதான். அவருடைய அண்ணி இறந்துவிட்டார். பாடையைப் பொதுத்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. டீக்கடை வாசலில் மறித்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். கடைசியில் வயலுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். புகார் வந்ததற்கு அத்தாட்சியாக ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதில் ‘வாய்த்தகராறு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

பெரியவர் தாளில் எழுதியிருந்தது, ‘எங்களுக்குக் கொடுமை நடந்தது’. மகன் சொன்னார், “அக்கா, அட்ராசிட்டி ஆக்ட்னு தெளிவா போடுங்க.” பக்கத்து ஸ்டூலில் ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க ஒரு காலேஜ் பையன் உட்கார்ந்திருந்தான். ‘அட்ராசிட்டி’ காதில் விழுந்ததும் சிரித்துவிட்டான். கெட்ட பையன் இல்லை. அவனுக்கு அந்தச் சொல் அப்படித்தான் தெரியும். என் மகளும் வீட்டில் ‘தம்பி ஒரே அட்ராசிட்டிம்மா’ என்றுதான் பேசுகிறாள். பெரியவர் அவனைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. மேஜையில் இருந்த தாள்களை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி வாங்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

அன்றிலிருந்து இது மனதைவிட்டுப் போகவில்லை. அட்ராசிட்டி என்றால் முதலில் என்ன பொருள்? ‘வன்கொடுமை’ அதற்குச் சரியான சொல்தானா? பெரியவர் எழுதிய வெறும் ‘கொடுமை’யை நான் மாற்றலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை அவர் திரும்ப வருகிறார்.


கறுப்புக்கோட்டு எழுதியது:

அக்கா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மனுவில் சொல்லை விட முக்கியம் சம்பவம். எந்தத் தேதி, எந்த இடம், யார் மறித்தார்கள், வாயில் என்ன வார்த்தை வந்தது, யார் பார்த்தார்கள். திட்டிய வார்த்தையை நாகரிகம் பார்த்து ‘தகாத வார்த்தை’ என்று மழுப்பாமல் அப்படியே எழுதுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் பல நேரம் அந்த ஒரு வரியில்தான்.

அப்புறம் சொல்லுக்கு வருவோம். 1989-இல் வந்தது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே ‘அட்ராசிட்டி’ இருக்கிறது. ஆனால் அகராதி சொல்வது போல ‘மிகக் கொடூரமான செயல்’ என்று அந்தச் சட்டம் விளக்கம் எழுதவில்லை. 3-ஆவது பிரிவில் தண்டனைக்குரியதாகச் சொன்ன குற்றம் எதுவோ, அதுதான் அட்ராசிட்டி. அவ்வளவே. எனவே ரத்தம் வந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பிரிவை ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். வாயில் அசுத்தத்தைத் திணிப்பது முதலில் வருகிறது. செருப்பு மாலை போடுவது வருகிறது. 2015-இல் செய்த திருத்தத்தில், பொது இடத்தில் சைக்கிள் ஓட்டவிடாமல், செருப்புப் போடவிடாமல், புதுத்துணி உடுத்தவிடாமல் தடுப்பதும் வந்தது. கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பதும் வந்தது. சுடுகாட்டையும் பாதையையும் மற்றவர்களைப் போலப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பெரியவருக்கு நடந்தது சட்டத்தில் வரிக்கு வரி இருக்கிறது.

‘வாய்த்தகராறு’ என்று ரசீது போட்டவருக்கும் இதே சட்டத்தில் 4-ஆவது பிரிவு இருக்கிறது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விடுவது குற்றம். விசாரணையை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் நடத்த வேண்டும்.

இன்னொன்று. கோர்ட் வளாகத்திலும் ஸ்டேஷனிலும் இதை யாரும் அட்ராசிட்டி கேஸ் என்று சொல்வதில்லை, ‘பி.சி.ஆர். கேஸ்’ என்பார்கள். அது பழைய சட்டத்தின் பெயர். 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், ஆங்கிலத்தில் ‘ப்ரொடெக்ஷன் ஆஃப் சிவில் ரைட்ஸ்’, என்று பெயர் மாறியது. புதுச் சட்டம் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் வாயில் பழைய பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது.


சாந்தோம்_பழையவன் எழுதியது:

செமினரியில் ஆறு வருடம் லத்தீன் படித்தவன். பாதியில் வெளியே வந்துவிட்டேன், லத்தீன் மட்டும் கூடவே வந்துவிட்டது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் இருந்து இருக்கிறது. மூலம் லத்தீனில் ‘அட்ரோக்ஸ்’. அதை இரண்டாகப் பிரிக்கலாம். முன்பகுதி ‘ஆட்டெர்’, கறுப்பு. பின்பகுதி ‘ஓக்ஸ்’, கண், பார்வை, தோற்றம் என்பதோடு உறவுள்ளது. கண் டாக்டர் போர்டில் ‘ஆக்குலர்’ என்று போடுகிறார்களே, அந்தக் குடும்பம். ‘ஃபெரோஷியஸ்’ என்ற சொல்லின் வாலிலும் இதே ‘ஓக்ஸ்’ இருக்கிறது, அது காட்டுவிலங்கின் பார்வை. ஆக அட்ரோக்ஸ் என்றால் கறுத்த முகம், பார்த்தாலே குலை நடுங்கும் தோற்றம். செயலுக்கு வைத்த பெயர் அல்ல. அந்தச் செயலை நேரில் பார்த்தவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ, அதற்கு வைத்த பெயர்.

லத்தீனில் கறுப்புக்கு இரண்டு சொல் உண்டு. பளபளப்பான கறுப்பு ‘நிகெர்’. ஒளியே இல்லாத, மங்கிய கறுப்பு ‘ஆட்டெர்’. நாட்காட்டியில் கெட்ட நாளை ரோமர்கள் ‘ஆட்டெர்’ நாள் என்றுதான் குறித்தார்கள்.


வியாசை_பையன் எழுதியது:

ஐயா, ஒரு கேள்வி. கறுப்பு என்றால் உடனே கொடுமையா? நானும் கறுப்பு, எங்கள் வீட்டில் எல்லாரும் கறுப்பு. ஸ்கூலில் அதற்காகவே கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. ரோமாபுரியிலும் இதே கதைதானா?


சாந்தோம்_பழையவன் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. இது உடம்பு நிறம் அல்ல. ‘ஆட்டெர்’ என்ற சொல்லின் வேர் நெருப்பு என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. நெருப்புத் தின்று மிச்சம் வைத்த கறுப்பு. கரி, புகை, எரிந்த கூரை. தமிழில் ‘கருகியது’ என்று சொல்கிறோமே, அது.

1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் பெரும்பாலானோர். கூலி உயர்வு கேட்டதற்கு. விடிந்து போய்ப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது எந்தக் கறுப்போ, அதுதான் இந்தச் சொல்லின் கறுப்பு. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவும் பூசை முடிந்து வெளியே வரும்போது எனக்கு அந்தக் குடிசை நினைவுக்கு வரும்.


வடபழனி_சப்டைட்டில் எழுதியது:

படங்களுக்கு சப்டைட்டில் எழுதுவது என் தொழில். எனவே சொற்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தினமும் பார்க்கிறேன். என் கருத்து கொஞ்சம் வேறு.

சொல் தேயும். அதை யாரும் தடுக்க முடியாது. ஆங்கிலக்காரர்களே இதைத் தேய்த்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே மோசமான வானிலைக்கும் மோசமான ரசனைக்கும் ‘அட்ரோஷியஸ்’ என்று சொல்ல ஆரம்பித்தாயிற்று. என் ஏழாம் வகுப்பு காம்போசிஷன் நோட்டில் சிவப்பு மையில் ‘அட்ரோஷியஸ் ஹேண்ட்ரைட்டிங்’ என்று இருந்தது. அகராதியில் பார்த்துவிட்டு, அப்படி என்ன பாவம் செய்தேன் என்று அழுதேன்.

நம் ஊரில் இன்னும் ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். ‘பசங்க அட்டகாசம் தாங்க முடியல’ என்று அம்மாக்கள் சொல்வார்கள். அட்டகாசம் வடமொழியில் பெருஞ்சிரிப்பு. தமிழில் அது முதலில் அடாவடி ஆனது, அப்புறம் ‘படம் அட்டகாசம்’ என்று பாராட்டாகவும் ஆனது. அட்ராசிட்டி அந்த அட்டகாசம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஓசையும் கிட்டத்தட்ட அதேதான். போதாததற்கு ‘அட்ரா’ என்று தொடங்குகிறது. ‘அட்ரா சக்க’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு அது கொண்டாட்டமாகத்தானே கேட்கும்?

‘பயங்கரமா இருக்கு’ என்று பாயசத்தைச் சொல்கிறோம். ‘அநியாயத்துக்கு அழகு’ என்கிறோம். ‘டார்ச்சர் பண்ணாதே’ என்று குழந்தையிடம் சொல்கிறோம். யாரும் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை. அந்தக் காலேஜ் பையனைக் குறை சொல்ல முடியாது.


தட்டச்சு_பாரிமுனை எழுதியது:

சார், அவனைக் குறை சொல்லவே இல்லை. அவன் போகும்போது என்னிடம் ‘ஆன்ட்டி, நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா’ என்று கேட்டுவிட்டுத்தான் போனான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.


சைதை_தமிழம்மா எழுதியது:

ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ‘கொடுமை’யைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று காத்திருந்தேன்.

கொடுமைக்கு முதல் பொருள் வளைவு. கொடு என்றால் வளைந்தது. கொடுவாள், வளைந்த வாள். கொடுமரம், வில். கோடு, கோணல், கோடுதல் எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகள். நீதி வழங்குகிறவர் ஒரு பக்கம் சாயாமல் இருப்பதைக் ‘கோடாமை’ என்று சொன்னார்கள். அரசன் கையில் இருக்கும் கோல் நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தும்போது ‘கொடுந்தமிழ்’ என்று வந்தால் ‘கொடூரமான தமிழா மிஸ்?’ என்று கேட்பார்கள். இல்லை கண்ணுகளா, செந்தமிழ் நேர்த்தமிழ், கொடுந்தமிழ் வளைந்த தமிழ், அவ்வளவுதான் என்பேன்.

இந்த வளைவை வைத்தே வள்ளுவர் ஒரு வேலை செய்திருக்கிறார். 279-ஆவது குறள்.

கணைகொடிது யாழ்கோடு செவ்விதுஆங் கன்ன
வினைபடு பாலால் கொளல்

அம்பு பார்க்க நேராக இருக்கும், செய்வது கொடுமை. யாழின் தண்டு பார்க்க வளைந்திருக்கும், தருவது இனிமை. உருவத்தைப் பார்க்காதே, செயலைப் பார் என்கிறார். நேரான அம்பைக் ‘கொடிது’ என்றும் வளைந்த யாழைச் ‘செவ்விது’ என்றும் சொல்லி, இரண்டு சொல்லின் பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒரே அடியில் முட்டவிடுகிறார். நாற்பது வருடம் நடத்தியும் இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கும்.

சாந்தோம் ஐயா சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். லத்தீன்காரர் கொடுமையின் முகத்தைப் பார்த்துக் ‘கறுத்தது’ என்றார். தமிழர் அது நேர்வழியில் இருந்து எங்கே வளைந்தது என்று பார்த்தார். பெரியவருக்கு நடந்ததும் அதுதானே அம்மா? தெரு நேராகத்தான் சுடுகாட்டுக்குப் போகிறது. அவர்களை வளைத்து வயலுக்குள் இறக்கிவிட்டார்கள். அவர் ‘கொடுமை’ என்று எழுதியது குறைவான சொல் அல்ல. தயவுசெய்து அதை எடுத்துவிடாதீர்கள்.

‘வன்கொடுமை’யில் ‘வன்’ என்பது வன்மை, பலம். பலம் உள்ளவன் அந்தப் பலத்தைக் காட்டிச் செய்யும் கொடுமை. ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது, செய்தவன் கை ஓங்கியவன் என்பது. மொழிபெயர்ப்பு மூலத்தை விடக் கூடுதலாகப் பேசுகிற இடம் இது. அதனால்தான் ‘கற்பழிப்பு’ என்று எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகள் அதைக் கைவிட நினைத்தபோது ‘பாலியல் வன்கொடுமை’ கைகொடுத்தது. பழைய சொல் பாதிக்கப்பட்டவளிடம் எதையோ அழித்துவிட்டதாகச் சொன்னது. புதிய சொல் செய்தவன் பக்கம் விரலை நீட்டுகிறது.


சாந்தோம்_பழையவன் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்தேன். ஒரு சின்ன சேர்க்கை.

ஆங்கிலத்தில் ‘க்ரூயல்’ இருக்கிறதே, அதன் வேர் லத்தீன் ‘க்ரூடுஸ்’. பச்சையானது, வேகாதது, ரத்தம் கசிவது. ‘க்ரூட் ஆயில்’ என்கிறோமே, அதே க்ரூட். அதற்குப் பக்கத்தில் ‘க்ரூஒர்’, காயத்தில் இருந்து வழியும் ரத்தம். நாம் ‘குரூரம்’ என்று சொல்கிற வடமொழிச் சொல்லும் அதே பழைய வேரில் இருந்து பிரிந்த கிளைதான், அதற்கும் ரத்தம், பச்சை மாமிசம் என்றுதான் ஆதிப் பொருள். இரண்டும் ஒன்றில் இருந்து ஒன்று கடன் வாங்கியவை அல்ல. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. ஓசை ஒற்றுமை தற்செயல் இல்லை.

தமிழிலும் ‘பச்சைப் படுகொலை’ என்கிறோம், ‘பச்சையாகத் திட்டினான்’ என்கிறோம். வேகவைக்காத, எந்தப் பூச்சும் இல்லாத கொடுமை.


எழும்பூர்_ஏடு எழுதியது:

வடபழனி நண்பர் ‘டார்ச்சர்’ என்று சொன்னதால் வருகிறேன். இந்தச் சொல்லுக்கும் சென்னைக்கும் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது.

‘டார்ச்சர்’ லத்தீனில் முறுக்குவது. ஈரத் துணியை முறுக்குகிற மாதிரி உடம்பை முறுக்குவது. தப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ‘ராங்’ கூட முறுக்கு, கோணல் என்ற பொருளில் பிறந்ததுதான். சைதை அம்மாவின் ‘கொடு’வுக்குச் சொந்தம் போலவே இருக்கிறது, வேர் வேறாக இருந்தாலும்.

1854-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. மதராஸ் மாகாணத்தில் நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று. விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர் கொண்ட கமிஷன் போட்டார்கள். 1855-இல் அறிக்கை வந்தது. ‘டார்ச்சர்’ என்ற சொல் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. புகார் சொல்ல நெடுந்தொலைவில் இருந்து நடந்தே வந்தவர்கள் உண்டு.

அந்த அறிக்கையின் ஆங்கில வரிகளுக்கு நடுவில் இரண்டு சொற்கள் நம்மூர்ச் சொற்களாகவே கிடக்கின்றன. ஒன்று ‘கிட்டி’. இரண்டு குச்சி, நடுவில் கையையோ விரலையோ வைத்து நசுக்குவது. கிட்டிப்புள் ஆடிய ஊரில்தான் இந்தக் கிட்டியும் இருந்தது. இன்னொன்று ‘அண்ணாந்தாள்’ என்று நான் வாசிப்பது, அறிக்கையில் ‘அனந்தால்’ என்பது போல எழுதியிருக்கிறது. ஆளைக் குனியவைத்து, அவன் துணியையோ வைக்கோல் கயிற்றையோ கழுத்துக்கு மேலாகவும் கால் கட்டைவிரலுக்குக் கீழாகவும் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் விட்டுவிடுவது. மனிதனையே கொடுமரம் ஆக்குவது. வளைத்து, நாண் கட்டி, நிறுத்தி வைப்பது.

செய்தவர்கள் பெரும்பாலும் தாசில்தார் கச்சேரிகளில் இருந்த நம்மூர் ஆட்களே. வரி போய்ச் சேர்ந்தது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. 1857 செப்டம்பரில் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த மதராஸ் அறிக்கையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’ என்று கொடுங்கோன்மை அதிகாரத்தில் வருவது இதைத்தான். ஈட்டியோடு நிற்கும் கொள்ளைக்காரன் ‘கொடு’ என்பதும் கோலோடு நிற்கும் அரசு கேட்பதும் ஒன்றுதான்.

இதைப் படித்த நாளில் இருந்து ‘டிராஃபிக் ஒரே டார்ச்சர்’ என்று சொல்ல என்னால் முடியவில்லை. வேறு யாரும் சொல்லக் கூடாது என்று கேட்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை.


திருவான்மியூர்_தெருநாய் எழுதியது:

சின்னதாக ஒன்று. ஆங்கிலத்தில் ‘க்ரூயல்ட்டி’ என்ற சொல் தலைப்பிலேயே இருக்கும் நம் சட்டம், 1960-இல் வந்த விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அதற்கு முன்னோடியாக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் எங்கள் திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை வளர்த்த ருக்மிணி தேவி. விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 2018 வரை அந்த வாரியத்தின் தலைமை அலுவலகம் இங்கேதான் இருந்தது. விலங்குக்கு ‘வதை’, பெண்ணுக்கு 2024 வரை இருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவில் ‘கொடுமை’, பட்டியல் சாதியினருக்கு ‘வன்கொடுமை’ என்று தமிழில் மூன்று சொல் வைத்திருக்கிறோம். சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் முதல் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நாங்கள் நாய்க்குச் சோறு வைக்கிறவர்கள், வதை என்று சொன்னால் ஸ்டேஷனில் உடனே புரிகிறது.


கறுப்புக்கோட்டு எழுதியது:

சாந்தோம் ஐயாவுக்கு ஒரு கேள்வி. இந்த ‘அட்ரோக்ஸ்’ ரோமானியச் சட்டத்தில் இருந்ததா? ஏன் கேட்கிறேன் என்றால், 3-ஆவது பிரிவில் இழிவுபடுத்துவது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது இரண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்’ நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வேறு யாரும் இல்லாதபோது பேசியது இதில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியவர் வழக்கில் டீக்கடை வாசல் என்பதால் சிக்கல் இல்லை. ஆனால் ‘பார்வை’ என்று நீங்கள் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது.


சாந்தோம்_பழையவன் எழுதியது:

இருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் காயுஸ் என்ற சட்ட ஆசிரியர் எழுதிய பாடநூலில் ‘கொடிய அவமதிப்பு’ என்று ஒன்று வருகிறது, ‘இன்யூரியா அட்ரோக்ஸ்’. சாதாரண அவமதிப்பு எப்போது அட்ரோக்ஸ் ஆகும்? மூன்று வழி சொல்கிறார். செயலால் ஆகும், தடியால் அடித்தால், காயப்படுத்தினால். இடத்தால் ஆகும், நாடகக் கொட்டகையிலோ சந்தை மன்றத்திலோ, நாலு பேர் பார்க்க நடந்தால். மூன்றாவது, ஆளால் ஆகும். இங்கேதான் நிற்க வேண்டும். ஓர் அதிகாரியை அவமதித்தால், அல்லது தாழ்ந்த நிலையில் உள்ளவன் ஒரு செனட்டரை அவமதித்தால், அது அட்ரோக்ஸ்.

கீழே இருப்பவன் மேலே இருப்பவனைச் சொன்னால் கொடுமை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைச் சொன்னால் சாதாரணம். ஏறத்தாழ 1,800 வருடம் கழித்து, அதே சொல்லை எடுத்துத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறது நம் சட்டம். இடம் அதேதான், நாலு பேர் பார்க்கும் இடம். ஆள் மட்டும் மாறிவிட்டான். நீங்கள் கேட்கும்வரை நானும் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.


கறுப்புக்கோட்டு எழுதியது:

இதை நாளைக்கு ஜூனியர்களுக்குச் சொல்லப்போகிறேன். ஒரு வருத்தமும் சேர்ந்து வருகிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லிக் கைதுக்கும் வழக்குப் பதிவுக்கும் முன்நிபந்தனைகள் போட்டது. நாடு முழுக்கப் போராட்டம் நடந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் 18-ஏ பிரிவைச் சேர்த்து நாடாளுமன்றம் அதை மாற்றியது. அந்த மாதங்களில் கேண்டீனில் நின்று ‘அட்ராசிட்டி ஆக்ட்டே ஒரு அட்ராசிட்டி’ என்று சிரித்தவர்களை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்கும் உங்கள் கடைப் பையனின் சிரிப்புக்கும் வித்தியாசம் உண்டு அக்கா. அவனுக்குத் தெரியாது. இவர்களுக்குத் தெரியும்.


வியாசை_பையன் எழுதியது:

எல்லாம் படித்தேன். நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

நானும் அட்ராசிட்டி என்று தினமும் சொல்கிறவன்தான். ஃபிரெண்ட்ஸ் குரூப் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்தச் சொல் யார் மேல் விழுகிறது? ‘பஸ்ஸில் மாணவர்கள் அட்ராசிட்டி’ என்று தலைப்பு போட்டால் எந்தக் காலேஜ், எந்த ரூட்டு என்று எல்லாருக்கும் தெரியும். இன்டர்வியூவுக்குப் போய் வியாசர்பாடி என்று சொன்னதும் எதிரில் இருந்தவர், ‘ஓ, அட்ராசிட்டி ஏரியா ஆச்சே’ என்றார். கூடவே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்ய?

எங்கள் தாத்தா ஊரை விட்டு வந்ததே ஒரு கிணற்றுத் தகராறில்தான். இந்தச் சட்டம் அப்போது இல்லை. அவருக்கு நடந்ததற்கு இந்தச் சொல் கிடைக்கவில்லை, பேரனுக்கு ஏரியா பெயராகக் கிடைத்திருக்கிறது. எங்களைக் காப்பாற்ற எழுதிய சொல்லை எங்கள் நெற்றியிலேயே ஒட்டிவிட்டார்கள். ரோமாபுரிச் சட்டம் பற்றி ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். கீழே இருப்பவன் சத்தம் போட்டால் அது அட்ரோக்ஸ். சட்டம் திருப்பிப் போட்டதை வாய் மறுபடி பழைய பக்கமே திருப்பிவிட்டது.

குரூப் பெயரை நேற்று மாற்றிவிட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.


வடபழனி_சப்டைட்டில் எழுதியது:

தம்பி, நான் எழுதியதை நானே திரும்பப் படித்தேன். சொல் தேயும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் ‘யாரும் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை’ என்று சுலபமாக எழுதிவிட்டேன். அந்த இன்டர்வியூ அறையில் நான் இருந்திருந்தால் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன் என்று யோசிக்கிறேன்.

இப்போது கையில் ஒரு படம் இருக்கிறது. ஒரு பாட்டி பேரனைப் பார்த்து ‘அட்ராசிட்டி பண்றான்’ என்கிறாள். ஆங்கிலத்தில் அதே சொல்லைப் போட்டால் வெளிநாட்டுக்காரன் பையன் யாரையோ கொன்றுவிட்டான் என்று நினைப்பான் என்பதால், எப்படியும் குறும்பு, சேட்டை என்ற பொருளில்தான் போடப்போகிறேன். அப்போதுதான் உறைத்தது. சேட்டை, குறும்பு, அடாவடி, அழிச்சாட்டியம், லூட்டி, ரகளை. குழந்தை செய்வதைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? பெரியவருக்கு நடந்ததைச் சொல்லத்தான் இரண்டு மூன்று சொற்கள் இருக்கின்றன.


சைதை_தமிழம்மா எழுதியது:

அழிச்சாட்டியம்! என் அம்மா வாயில் கேட்டது. எத்தனை வருடமாயிற்று.


தட்டச்சு_பாரிமுனை எழுதியது:

வியாழக்கிழமை பெரியவர் வந்தார். இந்த முறை மகன் இல்லை, தனியாக. எல்லாரும் சொன்னதை வைத்து மனுவைத் தயார் செய்து வைத்திருந்தேன். கறுப்புக்கோட்டு சார் சொன்னபடி தேதி, இடம், டீக்கடை, நின்று பார்த்தவர்கள், அந்த வார்த்தை, எல்லாம் அப்படியே. சட்டத்தின் பெயர் வரும் இடத்தில் வன்கொடுமை. அவர் எழுதிய ‘எங்களுக்குக் கொடுமை நடந்தது’ என்ற வரியைத் தொடவில்லை. அது முதல் பத்தியின் முதல் வரி.

கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் அதிகாரியிடம்தான் சொல்கிறது, டைப்பிங் கடைக்காரியிடம் அல்ல. இருந்தாலும் முழுவதும் படித்துக் காட்டினேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டேன், சத்தத்தில் கேட்காது என்று. பதினெட்டு வருடத்தில் ஒரு மனுவை வாய்விட்டுப் படித்தது இதுதான் முதல் தடவை. அந்த வார்த்தை வரும் இடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. அவர்தான் ‘படிம்மா’ என்றார்.

முடிந்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். வன்கொடுமை, பிரிவு, உட்பிரிவு எதைப் பற்றியும் இல்லை. மூன்றாவது பத்தியில் நான் ‘பிரேதத்தை எடுத்துச் சென்றபோது’ என்று தட்டியிருந்தேன். எல்லா மனுவிலும் அப்படித்தான் போடுவோம், கை அதுவாகப் போட்டுவிடும். அவர் அந்த வரியில் விரலை வைத்து, “இது பிரேதம் இல்லம்மா, எங்க அண்ணி. அப்படியே போடு” என்றார்.

மாற்றினேன். நான்கு பிரதி எடுத்துக்கொண்டு போனார்.